சித்திரையில் என் பெருவிரல்

மஞ்சூர் மின்வாரியக் குடியிருப்பு,
பதினோராம் எண் வீட்டுக்குப் பின்னால்
எட்டடிக்குப் பன்னிரண்டடி.
அளந்தது நானில்லை.
எனக்கு முன் இங்கிருந்த ஜே.இ.
கொடிக்கம்பி கட்ட அளந்து
சுவரில் கரியால் எழுதிவைத்துப் போயிருக்கிறார்.

தை முழுக்க அதில் உறைபனிதான் விளைந்தது.
விடிந்தால் புல்லின் மேல் உப்பளம்.
பழைய நைட்டி இரண்டு, ஒரு சாக்கு,
தேர்தல் முடிந்து கழற்றிய பிளக்ஸ் ஒன்று
எல்லாம் போர்த்திப்
படுக்க வைத்திருந்தேன் ஸ்ட்ராபெரியை.
வேட்பாளர் இரண்டு மாதம்
கைகூப்பியபடி வானம் பார்த்துக் கிடந்தார்.

மாசி பாதியில் ஒருநாள்
குழாயைத் திறந்தேன், கை வலிக்கவில்லை.
அவ்வளவுதான் அறிவிப்பு.
இங்கே வசந்தத்துக்கு வேறு தண்டோரா கிடையாது.

பேரிமரத்தில் இலைக்கு முன்பே பூ,
யாரோ வந்திருக்கிறார்களென்று
சட்டை போடாமல் வாசலுக்கு ஓடிவந்த பிள்ளை மாதிரி.

பட்டாணி விதைத்தது மளிகைப் பொட்டலத்திலிருந்து.
"குருமா பட்டாணி முளைக்காது" என்றாள்
பக்கத்து வீட்டு சிசிலி.
ஐந்தாம் நாள் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன்.
ஏழாம் நாள் மறுபடி அதையே.
ஒன்பதாம் நாள் இரவு காட்டெருமை வந்தது.
ஜன்னல் வழியே பார்த்தால்
இருட்டில் வெள்ளைக் காலுறை நான்கு
தாமாக நடந்துகொண்டிருந்தன.
முட்டைக்கோஸ் ஆறில் நான்கைத் தின்றது.
சிசிலியின் ரோஜாவை முகர்ந்து
யோசித்து
வேண்டாமென்று போனது.

காலையில் பாத்தியில் குளம்புத் தடம்,
தடத்துக்குள் இரண்டு மடக்குத் தண்ணீர்.
நான்கு நாள் கழித்து
அந்தத் தடத்தின் விளிம்பில் மட்டும்
வரிசை தப்பிய பச்சைக் கொக்கிகள் ஏழு.
நான் மேலாகப் போட்டிருப்பேன் போல.
அல்லது தோண்டித் தோண்டிப் பார்த்ததால் வெட்கமோ.
எருமையைக் கேட்க முடியாது.

இடமாறுதல் கேட்க வாங்கிய படிவம்
மேஜைக்குள் கிடந்தது.
நல்ல தடித்த தாள்.
மல்லி விதை கட்ட அதைவிடத் தோது எதுவுமில்லை.

ஞாயிறு, தலைக்குக் குளித்து
கூந்தலை முதுகில் விரித்துப்போட்டுக்கொண்டு
பின்கதவுப் படியில் உட்கார்ந்து
கேரட்டுக்கு நெருக்கம் கலைக்கிறேன்.
பிடுங்கியதில் நூல் போல ஒன்று,
துடைத்துக் கடித்தால் மண் நறநறக்கும்.
தேன்சிட்டு ஒன்று ஃபூஷியாவில் தலைகீழாகத் தொங்கி
அவசரமாகக் குடித்துப் போகிறது,
பஸ் புறப்படுகிற நேரத்தில் டீ குடிப்பவர்போல.
வெயில் பிடரியில் வெந்நீர்ப்பை.
நான்கு மணிக்குப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவந்து
எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிடும்.
அதுவரை யாரும் போன் செய்யக்கூடாது.

பட்டாணி இதுவரை சமையலறையைப் பார்த்ததில்லை.
கொடிக்கும் வாய்க்கும் ஒரு முழம்தான் தூரம்.
பெருவிரலால் தோட்டின் முதுகை அழுத்தினால்
சின்னதாக ஒரு சத்தம்.
உள்ளே ஏழோ எட்டோ
தோளோடு தோள் இடித்துக்கொண்டு.
சிசிலிக்கு நான்கு தோடு கொடுத்தேன்.
சுவரோரம் நின்றபடியே தின்றாள்.
குருமாவைப் பற்றி
இருவரும் எதுவும் பேசவில்லை.

திங்கள், ஒன்பது ஐம்பத்தெட்டு.
வருகைப்பதிவு எந்திரம்
என் பெருவிரலை ஏற்கவில்லை.
மீண்டும் முயற்சிக்கவும்.
புடவையில் துடைத்து வைத்தேன்.
மீண்டும் முயற்சிக்கவும்.
வெடிப்பு, தேய்ந்த ரேகை,
நகக்கண்ணில் கால் பாத்தி மண்.
"மேடம், வேற விரல் வைங்க" என்றார் போஜராஜ்.
பின்னால் வரிசையில் ஆறேழு பேர்.
இடது சுட்டுவிரலை வைத்தேன்.
நன்றி என்றது எந்திரம்.

பாவம், அதற்கு மோப்பம் கிடையாது.
காலையில் புதினா கிள்ளியது
அந்த விரலால்தான்.